பெக்ரோவுக்கு முந்தைய நிலையம்

பெல்ஜியத்தைப் பற்றி நான் முதன்முதலாக ஒழுங்காகப் படித்தது என் அக்கா மகளின் பள்ளிப் புத்தகத்தில். சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பில் 'அதிகாரப் பகிர்வு' என்றொரு பாடம். அதில் இரண்டு நாடுகளை எதிரெதிரே நிறுத்தியிருக்கிறார்கள். ஒன்று இலங்கை: 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் போட்டு, அதன் விளைவையும் பார்த்த நாடு. மற்றது பெல்ஜியம்: 1970க்கும் 1993க்கும் இடையே அரசியல் சட்டத்தை நான்கு முறை திருத்தி, டச்சு பேசுகிறவர்களும் பிரெஞ்சு பேசுகிறவர்களும் அடித்துக்கொள்ளாமல் வாழ வழி கண்ட நாடு. மக்கள்தொகையில் டச்சு 59 சதவீதம், பிரெஞ்சு 40, ஜெர்மன் 1. அந்த எண்களுக்குக் கீழே பென்சிலால் அழுத்திக் கோடு போட்டிருந்தாள். "அஞ்சு மார்க் கேள்வி கண்டிப்பா வரும் மாமா" என்றாள்.

சில ஆண்டுகள் கழித்து லூவன் நகரில் வேலை பார்க்கும் நண்பரின் தம்பி வீட்டில் ஒரு வாரம் தங்கப் போனபோது அந்தப் பென்சில் கோடும் என்னோடு வந்தது.

லூவன், பிரஸ்ஸல்ஸுக்குக் கிழக்கே அரைமணி ரயில் தூரம். போய் இறங்கிய மறுநாள் காலை ரொட்டி வாங்கிவர நானே கிளம்பினேன். தம்பி வாசல்வரை வந்து, "அண்ணா, இங்கிலீஷ்ல பேசுங்க, இல்ல கையைக் காட்டுங்க. பிரெஞ்சுல மட்டும் ஆரம்பிச்சுடாதீங்க" என்றான். நான் புதுச்சேரிக்காரன். நாலு வார்த்தை பிரெஞ்சு தெரியும் என்பதில் ஒரு சின்னப் பெருமை உண்டு. ஐரோப்பாவில் அதைச் செலவழிக்காமல் வேறெங்கே செலவழிப்பது? கடைக்குள் நுழைந்ததும் "போன்ஜூர்" என்றேன். கல்லாவில் இருந்த அம்மாள் முகம் சுளிக்கவில்லை, புன்னகைகூடக் குறையவில்லை. அழகான ஆங்கிலத்தில் "என்ன வேண்டும்?" என்று கேட்டார். நான் இன்னொரு பிரெஞ்சு வாக்கியத்தை எடுத்து நீட்டினேன். அதற்கும் ஆங்கிலத்திலேயே பதில். அவருக்குப் பிரெஞ்சு தெரியும், என்னைவிட நன்றாகவே தெரியும் என்பது அவர் கண்ணில் தெரிந்தது. லூவன் இருப்பது ஃபிளாண்டர்ஸில், பெல்ஜியத்தின் டச்சு பேசும் வடபகுதியில். அங்கே பள்ளிகளில் பிரெஞ்சு கட்டாயப் பாடம். தெரியாமல் அல்ல, பேசுவதில்லை என்பதால் பேசவில்லை.

அந்த ஊரின் நடுவே பல்கலைக்கழக நூலகம் இருக்கிறது. உயர்ந்த மணிக்கோபுரம், மறுமலர்ச்சிக் காலத்துக் கட்டடம் போன்ற முகப்பு. ஆனால் கட்டியது சென்ற நூற்றாண்டில்தான். 1914 ஆகஸ்டில் ஜெர்மன் படை ஊருக்குள் வந்தபோது பழைய நூலகத்துக்குத் தீ வைத்தது. சுமார் மூன்று லட்சம் நூல்கள் சாம்பலாயின. அமெரிக்க நன்கொடையில் புதுக் கட்டடம் எழுந்தது. 1940 மே மாதம் அதுவும் எரிந்தது, இம்முறை ஏறக்குறைய ஒன்பது லட்சம் நூல்கள். யாழ்ப்பாணத்தின் பெயரைக் கேட்டாலே நூலகம் நினைவுக்கு வருகிற நமக்கு இந்த இடத்தில் கால் சற்றுத் தயங்கும்.

இரண்டு முறை எரித்தது அந்நியர். மூன்றாம் முறை அந்த நூலகத்தின் நூல்களைப் பிரித்தவர்கள் உள்ளூர்க்காரர்கள். தீ வைக்கவில்லை, கணக்கு வைத்துப் பிரித்தார்கள். 1425இல் தொடங்கிய அந்தக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் 1960களில் இரு மொழிப் பிரிவுகளும் ஒரே கூரையின் கீழ் நடந்தன. ஊரோ டச்சு பேசும் ஊர். பிரெஞ்சுப் பிரிவு வளர்ந்தால் பிரஸ்ஸல்ஸிலிருந்து லூவன் வரை பிரெஞ்சு பரவிவிடும் என்ற பயம். "வாலூன்களே, வெளியேறுங்கள்" என்று, பிரெஞ்சு பேசும் தென்பகுதிக்காரர்களை நோக்கி, மாணவர்கள் தெருவில் கத்தினார்கள். 1968 பிப்ரவரியில் அந்தப் பிரச்சினையிலேயே மத்திய அரசு கவிழ்ந்தது. பல்கலைக்கழகம் இரண்டானது. பிரெஞ்சுப் பிரிவுக்கு மொழி எல்லைக்கு அப்பால் வயல்வெளியில் ஒரு புதிய ஊரையே கட்டிக் கொடுத்தார்கள். லுவேன்-லா-நெவ், அதாவது 'புதிய லூவன்'. நூல்களை எப்படிப் பிரிப்பது? அலமாரி எண் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்து, ஆளுக்குப் பாதி.

பாகப்பிரிவினையில் அண்டாவையும் குத்துவிளக்கையும் பங்கு போட்ட குடும்பங்களை நானும் பார்த்திருக்கிறேன். ஜோடி விளக்கில் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு, இரண்டு வீட்டிலும் ஒற்றை விளக்காக நிற்கும்.

இந்தக் கோபத்தை வெறும் மொழிவெறி என்று ஒதுக்கிவிட முடியாது. பெல்ஜியம் 1830இல் பிறந்த நாடு. அந்த ஆகஸ்டில் பிரஸ்ஸல்ஸ் நாடக அரங்கில் ஓர் இசைநாடகம் பார்த்துவிட்டு வெளியே வந்த கூட்டம் கலகத்தில் இறங்கியது, டச்சு மன்னரின் ஆட்சி முடிந்தது. மறுவருடம் ஜூலை 21ஆம் தேதி ஜெர்மன் குடும்பத்திலிருந்து ஒருவரை அழைத்துவந்து முதலாம் லியோபோல்டு என்று அரியணையில் அமர்த்தினார்கள். புதிய நாட்டின் நீதிமன்றம், படை, அலுவலகம், உயர்கல்வி எல்லாம் பிரெஞ்சு. பாதிக்கும் மேற்பட்ட குடிமக்கள் பேசியது டச்சின் வட்டார வழக்குகளை. ஃபிளாண்டர்ஸிலேயே பணக்காரர்கள் வீட்டில் பிரெஞ்சும், வேலைக்காரர்களிடம் ஃபிளமிஷ் எனும் அந்த வழக்குகளும் பேசினார்கள். ஆக, அது முதலில் வர்க்கத்தின் கோடு, பிறகுதான் நிலத்தின் கோடு.

1860இல் கூக், கூத்தால்ஸ் என்ற இரண்டு ஃபிளமிஷ் கூலிக்காரர்களுக்குக் கொலைக் குற்றத்தில் சார்லெர்வாவில் தலை வெட்டப்பட்டது. விசாரணை நடந்தது அவர்களுக்குப் புரியாத பிரெஞ்சில். அவர்கள் குற்றம் செய்தவர்களா இல்லையா என்பதைப் பற்றி வரலாற்றாசிரியர்களிடையே இன்னும் பேச்சு உண்டு. ஆனால் ஃபிளமிஷ் நினைவில் அது தீர்ந்த வழக்கு. ஃபிளாண்டர்ஸ் குற்றவியல் நீதிமன்றங்களில் டச்சுக்கு இடமளிக்கும் சட்டம் 1873இல்தான் வந்தது. சட்டங்களை டச்சிலும் சம மதிப்போடு வெளியிட வேண்டும் என்றானது 1898இல். கென்ட் நகரப் பல்கலைக்கழகம் முழுமையாக டச்சுக்கு மாறியது 1930இல். ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைமுறை காத்திருந்தவர்கள், கையில் அதிகாரம் வந்ததும் "போன்ஜூரு"க்குப் பிரெஞ்சில் பதில் சொல்லாமல் இருக்கிறார்கள். ரொட்டிக்கடை அம்மாள்மீது எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

புதிய லூவனைப் பார்த்துவிட வேண்டும் என்று நான்காம் நாள் கிளம்பினேன். தம்பி கார் தருகிறேன் என்றான். வேண்டாம், ரயிலில் போகிறேன் என்றேன். லூவனிலிருந்து ஓத்தினி வரை போகும் சின்ன ரயில். அங்கே மாறினால் லுவேன்-லா-நெவ். இரண்டு ஊர்களுக்கும் நேர்க்கோட்டில் சுமார் 25 கிலோமீட்டர் இருக்கலாம்.

லூவன் நிலையத்தில் லியேஜ் ரயிலைத் தேடி ஓர் இத்தாலியக் குடும்பம் பெட்டிகளோடு தவித்துக்கொண்டிருந்தது. அறிவிப்புப் பலகையில் லியேஜ் என்ற ஊரே இல்லை. 'லைக்' என்று இருந்தது. லியேஜுக்கு டச்சில் அதுதான் பெயர், ஃபிளாண்டர்ஸ் மண்ணில் பலகை டச்சில்தான் இருக்கும். நமூர் இங்கே நாமன். நெடுஞ்சாலையில் மோன்ஸுக்குப் போகிறவர் பாதி வழிவரை 'பெர்ஹன்' என்ற பலகையை நம்பித்தான் போக வேண்டும். எல்லை தாண்டியதும் அது 'மோன்ஸ்' ஆகிவிடும். இரண்டு சொல்லுக்கும் பொருள் மலைதான். பிரான்ஸ் நாட்டிலிருக்கும் லீல் நகரத்தைக்கூட விடவில்லை, அது 'ரைசல்'. பிரஸ்ஸல்ஸிலோ ஒவ்வொரு தெருவுக்கும் இரண்டு பெயர், இரண்டும் பலகையில்.

ரயிலில் கூட்டமில்லை. டைல ஆற்றை ஒட்டி, நீரோட்டத்துக்கு எதிராகத் தெற்கே போகிறது தண்டவாளம். குளங்கள், நாணல், நனைந்த புல்வெளியில் அசையாத மாடுகள். அவுட்-ஹேவர்லே. அடுத்து சின்ட்-யோரிஸ்-வேர்ட். இதுவரை அறிவிப்பு டச்சில். ரயில் மீண்டும் நகர்ந்தது. ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தேன். எங்கேயாவது ஒரு கம்பம், ஒரு கல், ஒரு வேலி தெரியுமென்று. ஒன்றுமில்லை. அதே புல், அதே மாடு. ஒலிபெருக்கி மட்டும் பிரெஞ்சுக்கு மாறி அடுத்த நிலையம் பெக்ரோ என்றது. ஆற்றின் பெயர் டீல் ஆகிவிட்டிருந்தது.

நான் தாண்டிய அந்தக் கோட்டுக்கு டச்சில் 'டால்க்ரென்ஸ்' என்று பெயர், மொழி எல்லை. பேச்சில் அது பல நூற்றாண்டுகளாக இருந்தது. சட்டத்தில் உறைந்தது 1962இல் போட்டு 1963இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தால். அதற்கு முன் பத்தாண்டுக் கணக்கெடுப்பில் மொழியைக் கேட்பார்கள். எண்ணிக்கை மாறினால் ஊராட்சியின் மொழி நிலையும் மாறும். பிரஸ்ஸல்ஸைச் சுற்றி ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் பிரெஞ்சு கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறியது. 1947 கணக்கெடுப்பின் மொழி முடிவுகளை வெளியிடவே ஏழு வருடம் தயங்கினார்கள். பிறகு, இனி எண்ணவே வேண்டாம் என்று முடிவு செய்து, 1961இல் கேள்வியையே எடுத்துவிட்டார்கள். கோட்டை நிலைநிறுத்திவிட்டு, கோட்டின் இந்தப் பக்கம் டச்சு, அந்தப் பக்கம் பிரெஞ்சு, யார் எங்கே குடியேறினாலும் கோடு நகராது என்றார்கள். மொழி மனிதனின் வாயில் இருப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். பெல்ஜியம் அதைப் பட்டா நிலத்தில் ஏற்றிவிட்டது.

பென்சில் கோட்டின் மேல் என் முதல் சந்தேகம் இங்கேதான் விழுந்தது. 59, 40, 1. தன் குடிமக்களிடம் மொழியைக் கேட்பதில்லை என்று ஒரு நாடே வாய்மூடி இருக்க, நம் பாடநூல் அவ்வளவு தெளிவாகப் பதில் சொல்கிறது. ஃபிளாண்டர்ஸில் வாழ்கிறவர் எல்லாம் டச்சு, தெற்கே வலோனியாவில் வாழ்கிறவர் எல்லாம் பிரெஞ்சு என்று மண்ணை வைத்து மனிதரை எண்ணியிருக்கிறார்கள். எல்லை ஓரத்தில் சில ஊராட்சிகளில் சிறுபான்மையினர் தம் மொழியில் அலுவலகக் காகிதம் கேட்டுப் பெறலாம் என்று சலுகை உண்டு. பிரஸ்ஸல்ஸைச் சுற்றி அப்படி ஆறு ஊர்கள். தேசமே பல தடவை சண்டை போட்டது இந்த ஊர்களின் விண்ணப்பப் படிவங்களை முன்வைத்துத்தான்.

பெக்ரோவில் ரயில் நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். நானும் இறங்கிவிட்டேன். பயணத் திட்டத்தில் இல்லாத இறக்கம். இங்கே முன்பு நடந்த ஒன்றுதான் காரணம்.

2001 மார்ச் 27 காலை. பிரெஞ்சுப் பக்கத்து வாவ்ர் நிலையத்திலிருந்து பயணிகள் இல்லாத ஒரு ரயில் சிவப்பு சிக்னலைத் தாண்டி, எதிர்த் திசை வண்டி வரும் தடத்தில் புறப்பட்டுவிட்டது. அதே தடத்தில் லூவனிலிருந்து பயணிகள் ரயில் வந்துகொண்டிருந்தது. வாவ்ரில் இருந்த சிக்னல்காரர் லூவன் சிக்னல் அறைக்குத் தொலைபேசியில் பேசினார், பிரெஞ்சில். மறுமுனையில் எடுத்தவருக்குத் தெரிந்தது டச்சு. இவர் சொல்வது அவருக்குப் புரியவில்லை. அவர் கேட்பது இவருக்குப் புரியவில்லை. பெக்ரோவில் இரண்டு ரயில்களும் நேருக்கு நேர் மோதின. 8 பேர் இறந்தார்கள்.

மொழிதான் கொன்றது என்று சொன்னால் அது மிகை. முதல் தவறு சிவப்பு விளக்கைத் தாண்டியது. தானாக வண்டியை நிறுத்தும் கருவி அந்தத் தடத்தில் இருந்திருந்தால் தொலைபேசிக்கே வேலை இருந்திருக்காது. ஆனால் அந்த அழைப்பை நினைக்காமல் அந்த நடைமேடையில் நிற்க முடியவில்லை. இரண்டு பேரும் விதிப்படி நியமிக்கப்பட்டவர்கள். தத்தம் வட்டார மொழி தெரிந்தால் போதும் என்பதுதான் விதி. இருவருக்கும் இடையே பகை ஏதும் கிடையாது. ஒரே தண்டவாளத்தின் இரு முனைகளில் உட்கார்ந்து, ஒரே ரயில்களை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டிருந்தவர்கள்.

அடுத்த ரயில் வரும்வரை அங்கேயே நின்றேன். தூறல் விழுந்தது. ஒரு பையன் சைக்கிளில் வந்து, நேரப்பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான்.

லுவேன்-லா-நெவ் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கான்கிரீட் தளத்தின் மேல் கட்டிய ஊர். கார்கள் கீழே, மனிதர்கள் மேலே. 1666இல் சார்லெர்வா கோட்டை நகரத்துக்குப் பிறகு பெல்ஜியத்தில் புதிதாக நிர்மாணித்த முதல் ஊர் என்கிறார்கள். டின்டினைப் படைத்த ஹெர்ஜேயின் அருங்காட்சியகம் இங்கே இருக்கிறது. டின்டின் டச்சில் 'குய்ஃப்யே' என்ற பெயரில் வருவார். கல்லூரிப் பிள்ளைகளின் சத்தமும் வறுத்த உருளைக்கிழங்கின் மணமுமாக ஊர் கலகலவென்று இருந்தது. ஆனால் எந்தச் சுவரும் என்னைவிடப் பெரிதாக மூத்தது அல்ல. பல்கலைக்கழக முத்திரையில் மட்டும் 1425 என்ற ஆண்டு. அதே ஆண்டைத்தான் அன்று காலை மற்றொரு லூவனிலும் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

நூலகத்தின் வெளியே வரலாறு படிக்கும் ஒரு மாணவியிடம் பேச்சுக் கொடுத்தேன். பழைய லூவனுக்குப் போயிருக்கிறாயா என்று கேட்டேன். ஒரே ஒரு முறை, இசை நிகழ்ச்சிக்கு என்றாள். பாரிஸுக்கு எத்தனை முறை? எண்ணவில்லை என்று சிரித்தாள். பள்ளியில் டச்சு எடுக்கலாம், ஆங்கிலமும் எடுக்கலாம் என்றிருந்தது, அவள் ஆங்கிலம் எடுத்தாள். வலோனியாவில் நெடுங்காலமாக டச்சு கட்டாயமில்லை. அவளுடைய தாத்தாவின் குடும்பப் பெயர் ஃபிளமிஷ் பெயர். நிலக்கரிச் சுரங்கமும் இரும்பாலையுமாக வலோனியா கொழித்த காலத்தில் பஞ்சம் பிழைக்க வடக்கிலிருந்து வந்தவர். இன்று நிலைமை தலைகீழ். சுரங்கங்கள் மூடிவிட்டன, வடக்கு செழித்துவிட்டது. எங்கள் வரிப்பணம் தெற்கே போகிறது என்று வடக்கே முணுமுணுக்கிறார்கள். தாத்தா ஃபிளமிஷ் பேசி நீ கேட்டிருக்கிறாயா என்றேன். "கோபம் வந்தால் மட்டும்" என்றாள்.

தேர்தலில் அவள் நினைத்தாலும் பெரும்பாலான வடக்கத்திக் கட்சிகளுக்கு ஓட்டுப் போட முடியாது. கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி 1968இலும், தாராளவாதிகள் 1972இலும், சோஷலிஸ்டுகள் 1978இலும் மொழிவாரியாக உடைந்தார்கள். ஏறக்குறைய எல்லாக் கட்சிகளும் தங்கள் பக்கத்து வாக்காளரிடம் மட்டும் ஓட்டுக் கேட்டு, தேர்தல் முடிந்தபின் மறுபக்கத்தோடு ஆட்சி அமைக்க உட்காருகின்றன. தன் மக்களிடம் மட்டுமே பதில் சொல்ல வேண்டியவன் அடுத்த வீட்டுக்காரனைத் திட்டி ஓட்டு வாங்குவது சுலபம், மறுநாள் அவனோடு விருந்துக்கு உட்காருவது கடினம். 2010 ஜூன் தேர்தலுக்குப் பிறகு அரசு அமைய 541 நாட்கள் ஆயின. நடுவில் மாணவர்கள் தெருவில் கூடி, அரசில்லாமல் இருந்ததில் உலக சாதனை என்று உருளைக்கிழங்கு வறுவலை இலவசமாகக் கொடுத்துக் கொண்டாடினார்கள். மூன்று வட்டாரம், மூன்று மொழிச் சமூகம், ஆளுக்கொரு விடுமுறை நாள். கிழக்கே கிட்டத்தட்ட எண்பதாயிரம் பேர் இருக்கும் ஜெர்மன் பேசும் சமூகத்துக்குக்கூட ஒய்ப்பன் நகரில் 25 பேர் கொண்ட நாடாளுமன்றம். முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியிடமிருந்து வந்த நிலம் அது. இந்தச் சண்டைகளில் அவர்கள் அதிகம் பேசுவதில்லை.

இவர்களுடைய தேசியத்தை நான் எப்படிப் புரிந்துகொள்வது என்று தம்பியிடம் கேட்டபோது அவன் இரண்டு கதை சொன்னான். 2007இல், பிரதமராவார் என்று எல்லோரும் எதிர்பார்த்த ஈவ் லெடர்ம் என்ற தலைவரிடம், தேசிய நாளன்று ஒரு செய்தியாளர் தேசிய கீதம் பாடத் தெரியுமா என்று கேட்டார். அவர் பிரான்ஸின் தேசிய கீதத்தைப் பாடினார். மறுவருடம் பிரதமரும் ஆனார். இரண்டாவது கதைக்கு வயது குறைவு. 2025 பிப்ரவரி முதல் நாட்டின் பிரதமர் பார்ட் டி வேவர். தனி ஃபிளாண்டர்ஸ் குடியரசு என்பதைத் தன் விதிமுறைகளிலேயே எழுதி வைத்திருக்கும் கட்சியின் தலைவராக நெடுங்காலம் இருந்தவர். "பிரிஞ்சு போறேன்னு சொல்றவர்கிட்டயே சாவியைக் கொடுத்து வச்சிருக்காங்க அண்ணா. வீடு நல்லாத்தான் நடக்குது" என்றான்.

எனக்கும் கேலி செய்ய நாக்கு அரித்தது. ஆனால் அக்கா மகளின் புத்தகத்தில் எதிர்ப்பக்கத்தில் இலங்கை இருக்கிறது. அதை அறிந்தவன் படிவத்தின் மொழிக்காக அரசு கவிழ்வதைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன் ஒருமுறை யோசிப்பான். படிவத்தோடு நின்றதே. பாடநூல் சொல்வதில் பொய்யில்லை. அடித்துக்கொள்ளவில்லை என்பதோடு அது நிறுத்திக்கொள்கிறது. பேசிக்கொள்கிறார்களா என்பது அந்த ஐந்து மார்க் கேள்விக்குள் வரவில்லை. ஆளுக்கொரு தொலைக்காட்சி, ஆளுக்கொரு நட்சத்திரம், ஆளுக்கொரு செய்தி. 2006 டிசம்பரில் பெல்ஜியத்தின் பிரெஞ்சு மொழித் தொலைக்காட்சி ஒருநாள் இரவு, ஃபிளாண்டர்ஸ் விடுதலை அறிவித்துவிட்டது என்று பொய்ச் செய்தி ஒன்றை நிஜம்போல ஒளிபரப்பியது. நம்பிப் பதறியவர்கள் ஏராளம். அவர்களுக்குக் கவலையைவிட, நம்ப முடிந்ததே என்ற அதிர்ச்சி பெரிதாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. எல்லைக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்களாக இருந்தால் ஒரு தொலைபேசி அழைப்பில் தெளிந்திருக்கும்.

மாலை ஆறு மணிக்கு மேல் ஓத்தினியிலிருந்து லூவன் ரயிலைப் பிடித்தேன். நடத்துநர் இளைஞர், வாவ்ர் தாண்டும்போது வந்து பிரெஞ்சில் வணக்கம் சொல்லி டிக்கெட்டைப் பார்த்தார். 2024இல் இவரைப் போன்ற ஒரு நடத்துநர் ஃபிளாண்டர்ஸ் மண்ணில் பயணிகளுக்கு டச்சிலும் பிரெஞ்சிலும் காலை வணக்கம் சொல்லிவிட்டார் என்று ஒரு பயணி மொழிக் கண்காணிப்பு ஆணையத்துக்குப் புகார் அனுப்பினார். பேச்சு மொழியை வண்டி எந்த மண்ணில் ஓடுகிறது என்பதுதான் முடிவு செய்யும், எதிரே யார் இருக்கிறார் என்பதல்ல. ஆகவே நான் இவரைக் கவனித்துக்கொண்டே வந்தேன். பெக்ரோவில் இருட்டிவிட்டது. நடைமேடை விளக்கு ஒன்று மட்டும் எரிந்தது. ஏறியவர் யாருமில்லை.

சின்ட்-யோரிஸ்-வேர்டில் ஒரு மூதாட்டி நாயுடன் ஏறினார். நடத்துநர் திரும்பி வந்தார். அவருக்கு டச்சில் வணக்கம் சொன்னார், நாய்க்கும் ஏதோ சொன்னார். என் பக்கம் வந்தபோது, முன்பே டிக்கெட் பார்த்த முகம் என்று தெரிந்து, ஒரு கணம் தயங்கினார். பிறகு ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் அசைத்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனார்.